வீட்டு டிவிடி பிளேயரில் ஒழுங்காக ஓடும் வீடியோ டிஸ்க் எழுதுவது எப்படி?

கணினியில் பளிச்சென்று ஓடுகிற டிஸ்க், டிவிடி பிளேயரில் போட்டதும் ‘டிஸ்க் எரர்’ என்று முரண்டு பிடிக்கிறது. இந்தப் புகாரோடு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த டிஸ்க்கைக் கணினியில் திறந்தால் உள்ளே என்ன தெரிகிறது? பெரும்பாலும் வரும் பதில், “நான் போட்ட எம்பி4 கோப்புதான் இருக்கிறது” என்பது. சிக்கல் அங்கேயே பிடிபட்டுவிடும்.

எல்லா டிவிடி பிளேயர்களுக்கும் பொதுவாகத் தெரிந்தது ஒரே ஒரு வடிவம்தான். அதற்கு டிவிடி-வீடியோ என்று பெயர். 1996-இல் ஜப்பானில் முதல் பிளேயர்கள் விற்பனைக்கு வந்த காலத்து விதிகள்தான் இன்றைக்கும். படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். ஒலி டால்பி டிஜிட்டலாக, அதாவது ஏசி-3 ஆக இருந்தால் நல்லது. இரண்டும் சேர்ந்து, குறிப்பிட்ட பெயர்கள் கொண்ட கோப்புகளாக, குறிப்பிட்ட ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்றைய கைபேசிகள் பயன்படுத்தும் எச்.264 முறை 2003-இல்தான் வந்தது. அதற்கு முன்பே வகுக்கப்பட்ட விதிப்படி இயங்கும் ஒரு கருவி அதைப் புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆக, வேலை மூன்று. வீடியோவை எம்பெக்-2 ஆக மாற்றுவது, மாற்றியதை டிவிடி-வீடியோவாகக் கட்டமைப்பது, பிறகு டிஸ்க்கில் எழுதுவது. நடுவில் இருக்கும் கட்டமைப்பு வேலைக்கு ஆத்தரிங் என்பார்கள். புதிதாக வருபவர்கள் தாண்டிப் போய்விடுவது இதைத்தான்.

விண்டோஸும் இதில் கொஞ்சம் குழப்பிவிடுகிறது. வெற்று டிஸ்க்கைச் செருகிக் கோப்பை இழுத்துப் போட்டால் இரண்டு வழி காட்டும்: யூஎஸ்பி டிரைவ் போல, அல்லது சிடி/டிவிடி பிளேயரோடு. இரண்டாவதைப் பார்த்ததும், ‘நமக்கு வேண்டியது இதுதானே’ என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அது எதையும் மாற்றித் தருவதில்லை; கொடுத்த கோப்பை அப்படியே எழுதி டிஸ்க்கை மூடிவிடும், அவ்வளவுதான். விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் ‘டிவிடி மேக்கர்’ என்று ஒன்று கூடவே வந்துகொண்டிருந்தது. அது ஆத்தரிங்கையும் செய்தது. விண்டோஸ் 8-இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

‘என் பிளேயர் ஏவிஐ கோப்பை நேராகவே ஓட்டுகிறதே’ என்று சிலர் கேட்பார்கள். முகப்பில் டிவ்எக்ஸ் முத்திரை இருந்தால் ஓட்டும்தான். ஆனால் உங்கள் பிளேயரில் ஓடுவது அடுத்த வீட்டுப் பிளேயரிலும் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. யாருக்காவது கொடுக்கப் போகிற டிஸ்க் என்றால் டிவிடி-வீடியோவைத் தவிர வேறு யோசனையே வேண்டாம்.

டிஸ்க் வாங்கும்போது

டிவிடி மைனஸ் ஆர், டிவிடி பிளஸ் ஆர் என்று இரண்டு வகை கிடைக்கும். மைனஸ் ஆர் 1997-இல் பயனியர் நிறுவனம் கொண்டுவந்தது. பிளஸ் ஆர் 2002-இல் போட்டியாக வந்தது. இன்றைய டிரைவ்கள் இரண்டையும் எழுதும். வயதான பிளேயர்களில் மைனஸ் ஆர் ஓடுவதற்கான வாய்ப்பு அதிகம் என்பதால் நான் அதைத்தான் சொல்வேன். கையில் பிளஸ் ஆர்தான் இருக்கிறது என்றால் தூக்கிப் போட வேண்டாம். எழுதும்போது ‘புக் டைப்’ என்ற அமைப்பை டிவிடி-ரோம் என்று மாற்றி வைத்தால், கடையில் விற்கும் அச்சடித்த டிஸ்க் என்று நினைத்துக்கொண்டு பிளேயர் ஏற்றுக்கொள்ளும். எல்லா டிரைவ்களும் இதற்கு இடம் தருவதில்லை.

அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்குகள் சோதனைக்கு நல்லவை, பரிசளிக்க ஏற்றவை அல்ல. அவை லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு குறைவு. அச்சடித்த ஒற்றை அடுக்கு டிஸ்க் 45 சதவீதத்துக்கு மேல் ஒளியைத் திருப்பும். ஆர்டபிள்யூ 18 முதல் 30 சதவீதம்தான். பழைய பிளேயரின் லேசர் சோர்ந்து போயிருந்தால், உள்ளே டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிடும்.

உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், கணினியோ 4.37 ஜிபி என்று காட்டும். ஏமாற்று எதுவும் இல்லை. 470 கோடி பைட்டுகளை உற்பத்தியாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், கணினி 1,024-ஆல் வகுக்கிறது. ஆனால் அந்த 4.37-ஐ விளிம்புவரை நிரப்பாதீர்கள். டிவிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளியே நோக்கி எழுதப்படுகிறது. மலிவான டிஸ்க்குகளில் வெளி விளிம்பில்தான் பிழைகள் கூடும். படம் முக்கால்வாசி நன்றாக ஓடிவிட்டுக் கடைசியில் கட்டம் கட்டமாக உடைந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 4.2 ஜிபியோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

பி.ஏ.எல். அல்லது என்.டி.எஸ்.சி.

இவை இரண்டும் நாட்டுக்கு நாடு மாறும் டிவி முறைகள். மென்பொருள் கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்று. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பிய நாடுகள் எல்லாம் பி.ஏ.எல். வழியில் வந்தவை: 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான் என்.டி.எஸ்.சி. வழி: 720×480 புள்ளிகள், நொடிக்கு 29.97 படங்கள். டிஸ்க் எந்த நாட்டில் ஓடப்போகிறதோ அந்த நாட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள், நீங்கள் இருக்கும் நாட்டை வைத்து அல்ல. பி.ஏ.எல். நாட்டுப் பிளேயர்கள் பொதுவாக என்.டி.எஸ்.சி. டிஸ்க்கையும் ஓட்டிவிடும். மறுபக்கம் அப்படி இல்லை. அமெரிக்காவில் வாங்கிய பல பிளேயர்கள் பி.ஏ.எல். டிஸ்க்கைத் திருப்பித் துப்பிவிடும். கறுப்பு வெள்ளையாகத் தெரிவது, படம் மேலும் கீழும் உருண்டுகொண்டே இருப்பது இரண்டும் இந்த முறை மாறிப்போனதன் அடையாளங்கள்.

கைபேசி வீடியோ பெரும்பாலும் நொடிக்கு 30 படங்கள் என்ற கணக்கில் இருக்கும். அதை 25-க்கு இறக்கும்போது, கேமரா பக்கவாட்டில் நகரும் இடங்களில் லேசாக வெட்டி வெட்டித் தெரியும். பிளேயரும் டிவியும் இரண்டு முறையையும் தாங்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், கைபேசிப் பதிவுகளுக்கு என்.டி.எஸ்.சி.யே மேல். தெரியாவிட்டால் அந்த நாட்டு முறையில் போய்விடுங்கள். லேசான வெட்டலைப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஓடாத டிஸ்க்கை என்ன செய்வார்கள்?

மண்டலக் குறியீடு பற்றிக் கவலை வேண்டாம். அது விற்பனைக்கு வரும் டிஸ்க்குகளுக்கானது. வீட்டில் எழுதும் டிஸ்க்கை எல்லா மண்டலங்களுக்கும் திறந்தே வைக்கலாம்.

எவ்வளவு நேரம் அடங்கும்?

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டே ஆகவேண்டும். டிஸ்க்கில் இடம் 470 கோடி பைட், அதாவது 37,600 மெகாபிட். உங்கள் வீடியோ 2 மணி நேரம் என்றால் 7,200 நொடி. வகுத்தால் நொடிக்குச் சுமார் 5.2 மெகாபிட் வருகிறது. ஒலிக்கும் கட்டமைப்புக்கும் விளிம்பில் விடும் இடத்துக்கும் கழித்துவிட்டால் படத்துக்கு 4.5 மிஞ்சும். அந்த வேகத்தில் படம் நன்றாகவே இருக்கும். 1 மணி நேரம் என்றால் கணக்குப்படி 10.4 வரும், ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டிவிடி-வீடியோ விதி படம், ஒலி எல்லாம் சேர்த்து 10.08 மெகாபிட்டோடு நிறுத்துகிறது. வீட்டில் எழுதிய டிஸ்க்கை அந்த உச்ச வேகத்தில் படிக்கப் பல பிளேயர்கள் திணறும். படத்தை 8 மெகாபிட்டுக்கு மேல் விடாதீர்கள். அதற்கு மேல் போனாலும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

3 மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் திணித்தால் படத்துக்கு 3 மெகாபிட்தான் கிடைக்கும். பேசிக்கொண்டிருக்கும் முகங்கள் தாங்கும். நடனம், மழை, கூட்டம், அசையும் இலைகள் எல்லாம் கட்டம் கட்டமாக உடையும். என்னைக் கேட்டால் இரண்டு டிஸ்க்காகப் பிரித்துவிடுங்கள். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் ஒரு வழிதான். ஆனால் விலை கூடுதல், எழுதும்போது வீணாவதும் அதிகம், ஓடும்போது ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்குத் தாவும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கும். புதியவர்கள் அதில் போய்க் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

கட்டமைப்பது

இதற்கு டிவிடி ஸ்டைலர் என்ற மென்பொருள் போதும். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் உண்டு. மாற்றுவதையும் கட்டமைப்பதையும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளலாம். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது டிவிடியிலிருந்து எம்பி4 எடுப்பதற்கானது, எதிர்த்திசையில் போகாது.

திறந்ததும் புதிய திட்டத்துக்கான பெட்டி வரும். டிஸ்க்கின் பெயர், கொள்ளளவு 4.7, வீடியோ முறை, ஒலி ஏசி-3, திரை விகிதம் 16:9. இவற்றை நிரப்புங்கள். விகிதத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். டிவிடியில் 4:3 படமும் அகலப் படமும் ஒரே 720 புள்ளிக்குள்தான் சேமிக்கப்படுகின்றன. எப்படி விரிக்க வேண்டும் என்பதை ஒரு குறியீடுதான் பிளேயருக்குச் சொல்கிறது. குறியீடு தப்பானால் எல்லாரும் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிவார்கள். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்துக்கு இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரட்டும். நிரப்ப வேண்டும் என்று வெட்டப் போனால் தலைகள்தான் போகும்.

அடுத்து வீடியோக்களை இழுத்துப் போடுங்கள். பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை, தானியங்கி என்று விட்டால் நீளத்துக்கு ஏற்ப அதுவே கணக்குப் போடும். ஆனால் போட்டுத் தந்த எண்ணை நீங்கள் மேலே பார்த்த கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீண்ட பதிவென்றால் 5 அல்லது 10 நிமிடத்துக்கு ஓர் அத்தியாயம் வையுங்கள். ரிமோட்டில் அடுத்தது பொத்தானை அமுக்கினால் எங்கே போய் நிற்பது என்று பிளேயருக்குத் தெரிய வேண்டுமே.

மெனு வேண்டுமா? ஒரே ஒரு வீடியோ என்றால் தேவையே இல்லை. டிஸ்க்கைப் போட்டதும் ஓடினால் வயதானவர்கள் வாழ்த்துவார்கள். மெனு வைப்பதானால் எழுத்துகளைத் திரையின் ஓரத்தில் வைக்காதீர்கள்; பழைய டிவிக்கள் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். தமிழில் தலைப்பு எழுதினால் சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும். அப்படி ஆனால் தலைப்பைத் தனியாக ஒரு படமாகச் செய்து மெனுவின் பின்னணியாக வைத்துவிடலாம்.

கைபேசிப் பதிவில் மட்டும் இன்னொரு தொல்லை உண்டு. வெளிச்சம் குறையும்போது கைபேசி நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும். இப்படி ஏறி இறங்கும் பதிவை டிவிடிக்கு மாற்றினால், தொடக்கத்தில் சரியாக இருக்கும் பேச்சு போகப் போக உதட்டசைவை விட்டு விலகும். இங்கேதான் ஹேண்ட்பிரேக் உதவும். அதில் நிலையான ஃபிரேம் ரேட் என்ற தேர்வை வைத்து ஒருமுறை ஓட்டியெடுத்து, கிடைக்கும் கோப்பை டிவிடி ஸ்டைலருக்குக் கொடுங்கள்.

கடைசியில், நேராக டிஸ்க்கில் எழுதவா, ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது டிஸ்க் முழுவதையும் அப்படியே அடக்கிய ஒரே கோப்பாக, சேமிக்கவா என்று கேட்கும். ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுங்கள். தற்காலிகக் கோப்புகளுக்கும் சேர்த்துக் கணினியில் 10 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். முடிந்ததும் அந்த ஐஎஸ்ஓவைத் திறந்து பாருங்கள். வீடியோ_டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் தெரிய வேண்டும். அதற்குள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி என்று மூன்று விதக் கோப்புகள். விஓபியில்தான் படமும் ஒலியும். ஒவ்வொன்றும் 1 ஜிபியைத் தாண்டாது, தாண்டினால் அடுத்த எண்ணில் புதிய கோப்பு தொடங்கும். ஐஎஃப்ஓ அவற்றுக்கான பொருளடக்கம். பியூபி அந்தப் பொருளடக்கத்தின் நகல், கீறல் விழுந்தால் கைகொடுக்க. பக்கத்தில் ஆடியோ_டிஎஸ் என்று காலி ஃபோல்டர் இருந்தால் பதறாதீர்கள், அது காலியாகத்தான் இருக்க வேண்டும்.

ஐஎஸ்ஓவைக் கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓட்டி முழுவதும் பாருங்கள். ஒலி பொருந்துகிறதா, விகிதம் சரியா, மெனு பொத்தான்கள் போகவேண்டிய இடத்துக்குப் போகின்றனவா என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். விஎல்சியில் ஓடுவதை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது எதையும் ஓட்டும் தாராள மனசுக்காரன், வீட்டுப் பிளேயருக்கு அந்தத் தாராளம் கிடையாது.

எழுதுவது

விண்டோஸில் டிஸ்க் எழுத இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள் எனக்குப் பிடித்தது. 2013-க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை என்றாலும் வேலையில் குறையில்லை. தரவிறக்கும் இடத்தில் கவனம் தேவை. சில தளங்களில் வேண்டாத மென்பொருள்களையும் சேர்த்தே கட்டித் தருவார்கள், நிறுவும்போது ஒவ்வொரு டிக்கையும் படித்துப் பாருங்கள். லினக்ஸில் கே3பி அல்லது பிரசேரோ போதும்.

ஐஎஸ்ஓவை எழுதும் வழியைத் தேர்ந்தெடுத்துக் கோப்பைக் காட்டுங்கள். வேகத்தை உச்சத்தில் விடாதீர்கள். 16 மடங்கு என்று அச்சிட்ட டிஸ்க்கை 8 மடங்கில் எழுதினால் போதும், ஒரு முழு டிஸ்க்குக்கு 8, 9 நிமிடம் ஆகும். ‘மெதுவாக எழுதினால் இன்னும் நல்லது’ என்று 1, 2 மடங்குக்கு இறங்குவதும் சரியில்லை. இன்றைய டிஸ்க்கின் சாயம் வேகமாக எழுதுவதற்கென்றே செய்யப்பட்டது. எழுதிய பிறகு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ‘வெரிஃபை’ தேர்வு இயக்கத்தில் இருக்கட்டும். நேரம் இரட்டிப்பாகும், ஆனாலும் விடாதீர்கள்.

இன்னொன்று, டிஸ்க்கை மூட வேண்டும். இதற்கு ஃபைனலைஸ் என்று பெயர். ஐஎஸ்ஓவாக எழுதும்போது இம்ஜ்பர்ன் இதைத் தானே செய்துவிடும். வேறு மென்பொருளில் ‘பிறகு சேர்க்க இடம் விடு’ என்பது போன்ற தேர்வு இருந்தால் அணைத்துவிடுங்கள். மூடாத டிஸ்க்கைக் கணினி படித்துவிடும், பிளேயர் படிக்காது. டிவிடி ரெக்கார்டரில் நேரடியாகப் பதிவு செய்தவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்த ரெக்கார்டரின் மெனுவிலேயே போய் மூடினால் போதும்.

ஐஎஸ்ஓ இல்லாமல் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரிலிருந்து எழுதினால், கோப்பு அமைப்பாக ஐஎஸ்ஓ 9660-உம் யூடிஎஃப் 1.02-உம் சேர்ந்த தேர்வை வையுங்கள். யூடிஎஃபின் புதிய பதிப்புகளைப் பிளேயர்கள் கண்டுகொள்வதில்லை.

வெளியே வந்த டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். எழுதிய பகுதி உள்ளிருந்து சற்றே நிறம் மாறிய வளையமாகத் தெரியும். விளிம்பில் எழுதாமல் விட்ட இடம் மெல்லிய பட்டையாக நிற்கும். வளையத்துக்கு நடுவே திட்டோ கோடோ இருந்தால் அந்த டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பிளேயரில் போட்டுப் பார்க்கும்போது

தொடக்கம் ஓடியதும் எழுந்துவிடாதீர்கள். அத்தியாயம் அத்தியாயமாகத் தாவிக் கடைசிவரை போங்கள், ஏனென்றால் வெளி விளிம்பில்தான் வம்பு. கொஞ்சம் அதிக அசைவுள்ள இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

டிஸ்க் இல்லை என்று சொன்னால், சந்தேகம் டிஸ்க் வகை மீதோ மூடாமல் விட்டதன் மீதோ. கடையில் வாங்கிய டிவிடியும் அடிக்கடி தடுமாறினால் பிளேயரின் லேசர்தான் களைத்திருக்கிறது. படம் வருகிறது, ஒலி இல்லை என்றால் ஒலி ஏசி-3 ஆக மாறாமல் நின்றிருக்கும். மாதிரி வீதம் 48 கிலோஹெர்ட்ஸ்தானா என்றும் பாருங்கள், சிடிக்கான 44.1 டிவிடியில் செல்லாது. ஆட்கள் நீண்டு தெரிந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் பிளேயரின் அமைப்பில் டிவி வகை 16:9 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனையோ வீடுகளில் அது வாங்கிய நாளிலிருந்து 4:3-லேயே கிடக்கிறது. எல்லா இடத்திலும் திக்கித் திக்கி ஓடினால் பிட்ரேட்டை 6-க்கு இறக்கி மறுபடி கட்டமையுங்கள். கடைசியில் மட்டும் திக்கினால் அளவைக் குறையுங்கள், அல்லது வேறு நிறுவனத்தின் டிஸ்க்கில் எழுதிப் பாருங்கள்.

மேலே பெயர் எழுத நீர் கலந்த மையுள்ள, மென்மையான முனைப் பேனா. காகித ஸ்டிக்கர் ஒட்டவே ஒட்டாதீர்கள். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது. ஒரு பக்கம் மட்டும் காகிதம் இழுக்கும்போது டிஸ்க் மெல்ல வளையும். சுழலும்போது தள்ளாடும். எழுதிய அன்று நன்றாக ஓடிய டிஸ்க் ஆறு மாதம் கழித்துத் திக்கினால், முதலில் பார்க்க வேண்டியது அதன் தலையில் ஒட்டிய காகிதத்தைத்தான். அதை உரிக்க முயலாதீர்கள், தகடு பிய்ந்துவிடும். கணினியில் படிக்க முடிகிற வரைக்கும் அதை நகலெடுத்துப் புதிய டிஸ்க்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓவை அழிக்காமல் வைத்திருந்தால் அந்த வேலையும் மிச்சம்.